பொறுத்துப் பார்க்கலாம்

அத்தியாயம் 11

தாய்-சேய் கையேட்டின் அந்தப் பக்கத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் ‘ஆம்’ என்று வட்டம் போட்டிருந்தது. நீலப் பேனா. அழுத்திப் போட்டதில் தாளின் மறுபக்கம் வரை தடித்திருந்தது.

மிச்சிரு சாப்பாட்டு மேஜை அருகே நின்றபடியே படித்தாள். ‘அர்த்தமுள்ள சொற்களைச் சொல்கிறானா?’ ஆம். ‘பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா?’ ஆம். ‘வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா?’ அதற்கும் ஆம். நேற்று வரை வெறுமையாக இருந்த பக்கம் அது.

“இபுகி அப்பா, இது நீ போட்டதா?”

கணவன் தைச்சி மகன் இபுகிக்கு முட்டைச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை. “நீ போடமாட்டேங்கற. யாராவது போடணுமில்ல? மத்தியானம் பரிசோதனைக்குக் கொண்டு போகணும்.”

“இவன் பேர் சொன்னா திரும்பறானா?”

“தோணினா திரும்பறான்.”

“தோணினா!”

“நீ கூப்பிட்டா எனக்கும்தான் சில நேரம் திரும்பத் தோணறதில்ல. என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டு.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார் ஷிகெனோரி சிரித்தார். “நம்ம வீட்டு ஆம்பளைங்க மூணு வயசு வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாங்கம்மா. திறந்துட்டா, ஆள் வெச்சுத்தான் மூடணும். நீ ஊர்ப் பிள்ளைங்களைப் பார்த்துப் பார்த்து, கண்ணுல படறதெல்லாம் உனக்குக் கோளாறாத் தெரியுது.”

“நான் கோளாறுன்னு சொல்லவே இல்ல மாமா.”

“சொல்லாதே. இன்னிக்கு எல்லாத்தையும் சரியாக் காட்டிட்டு வரட்டும். சாயங்காலம் சிவப்புப் பயறுச் சோறு ஆக்கச் சொல்லியிருக்கேன்.”

நல்ல நாளுக்கு ஆக்குகிற சோறு அது. பரீட்சை முடிவதற்குள் விருந்துக்கு உலை வைத்துவிட்டார் பெரியவர்.

ஹமாசெ துறைமுகத்தில் நோட்சு குடும்பத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. மீன் விழுதை மூங்கில் குச்சியில் சுற்றிச் சுட்டு விற்கிற தொழில்; நாலு தலைமுறையாகப் புகைகிற அடுப்பு. அந்த வீட்டு மருமகள் மிச்சிரு, நகர சுகாதார நிலையத்தில் சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்த்துச் சொல்கிற செவிலி. பதினோரு வருடங்களாக அதுதான் வேலை. எந்தப் பிள்ளை எத்தனை மாதத்தில் கட்டையை அடுக்கும், எப்போது விரல் நீட்டும், எப்போது முதல் சொல் வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஊரார் பிள்ளைகளிடம் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பதைத் தன் பிள்ளையிடம் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இபுகிக்கு இப்போது ஒரு வயதும் ஏழு மாதமும். பால் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் குளிர்பெட்டிக்கு இழுத்துப் போவான். விரல் நீட்டி, முகம் திருப்பி, ‘அதோ’ என்று ஒரு நாளும் காட்டியதில்லை.

பிறகு அவள் செய்த காரியம், சென்ற வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நிலையத்திலிருந்து படச் சோதனை அட்டை ஒன்றைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டாள். ஆறு படங்கள் போட்ட பளபளப்பு அட்டை. கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாத பொருள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான்.

அந்த அட்டை இருபது நாளாகக் குளியலறைச் சுவரில் இருக்கிறது. ஈரம் பட்டால் ஓட்டில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. தினமும் சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “வவ்வவ் எது? பூம்பூம் எது?” என்று கேட்டாள். முதல் வாரம் இபுகி சுவரைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் வாரம் அவன் விரலைப் பிடித்துத் தானே வைத்தாள். மூன்றாம் வாரம் அவனாகவே தொட ஆரம்பித்தான். ஒவ்வொரு முறையும் அவள் கைதட்டினாள். தைச்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “ஆறும் சொல்லிட்டானா!” என்று அவனும் தட்டினான்.

சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படும்போதே ஒரு சந்தேகமும் எட்டிப் பார்த்தது. அதைக் கவனிக்காமல் இருக்க அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

*

மத்தியானம் ஒரு மணிக்குச் சுகாதார நிலையத்தின் கூடத்தில் முப்பது பிள்ளைகள். முப்பதும் வெறும் அரைத்துணியோடு. எடை பார்க்கிற இடத்தில் ஒரே அழுகை. வெளியே நவம்பர் மழை. சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே என்று சொல்கிற பக்கம் அது. வாசலில் குடைகள் வைக்க இடமில்லை.

மிச்சிரு இன்று சீருடை போடவில்லை. கழுத்தில் எண் அட்டை, பதினேழு. பக்கத்தில் தைச்சி, மூன்று முறை சோப்புப் போட்டுக் கைகழுவியும் மீன் புகை வாசனை போகாமல், தொழிற்சாலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் அப்பாவின் காலத்திலிருந்து அந்தத் தொழிற்சாலையில் குழந்தைக்காக விடுப்பு எடுத்த முதல் ஆண் அவன்தான். அதற்காகவே அவனுக்கு இன்று ஆறுக்கு ஆறு வேண்டும்.

“அட, மேடம்! இன்னிக்கு நீங்களும் எங்க வரிசையிலயா?”

திரும்பினாள். இக்கெயுச்சி. கடற்கரைச் சாலையில் முடி திருத்துகிற கடை வைத்திருப்பவள். கையில் இரண்டாவது பிள்ளை. மூத்த பெண் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“மியுதானா இது? வளர்ந்துட்டாளே.”

“இப்ப நல்லாப் பேசறா மேடம். உங்க வகுப்புக்கு அப்புறம்தான். உங்களை நினைக்காத நாளில்ல.” இக்கெயுச்சி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“அன்னிக்கு இதே நாற்காலியில உக்காந்து, ‘பொறுத்துப் பார்க்கலாம்’னு சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. நானும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டினேன். வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரர் என்ன சொன்னாங்கன்னு கேட்டார். ஒண்ணுமில்லையாம்னு சொன்னேன். ஒண்ணுமில்லைன்னா ஏன் பொறுக்கணும்? ஒண்ணு இருக்குன்னா எதைப் பார்க்கணும், எத்தனை நாள் பார்க்கணும்? நீங்க சொல்லவே இல்ல. ஆறு மாசம் மேடம். ஆறு மாசம் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“நான்... பயமுறுத்தக் கூடாதுன்னு...”

“தெரியும் மேடம். நல்ல மனசாலதான் சொன்னீங்க.” அவள் மிச்சிருவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். “அதனாலதான் உங்ககிட்ட இதைச் சொல்ல முடியுது. வேற யார்கிட்ட சொல்ல?”

பதினாறு என்று கூப்பிடவும் அவள் பிள்ளைகளோடு போய்விட்டாள். மிச்சிரு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடத்தில் எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள்? நூறு? முந்நூறு? யாரையும் புண்படுத்தாத வார்த்தை என்றே நினைத்திருந்தாள். சொல்கிறவருக்குத்தான் அது வலிக்காமல் இருந்திருக்கிறது.

“என்னவாம் அந்தம்மா?” என்றான் தைச்சி.

“ஒண்ணுமில்ல” என்றாள். சொன்ன பிறகுதான் தன் காதிலும் விழுந்தது.

*

திரைக்குப் பின்னால் சின்ன மேஜை. எதிரில் நிஷிவாக்கி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான பெண், மிச்சிரு கைபிடித்துப் பழக்கியவள். இன்று அவளுக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. மேஜை மேல் கைக்குட்டையை விரித்து வைத்திருந்தாள்.

“மிச்சிரு அக்கா... மன்னிச்சுக்குங்க. தலைவர்தான் உங்க பிள்ளையை என்னைப் பார்க்கச் சொன்னார்.”

“எதுக்கு மன்னிப்பு? உன் வேலையைப் பாரு.”

“ஆரம்பிக்கலாமா? இபுகி!” இபுகி மேஜையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருந்தான். “இபுகிக் கண்ணா!” அப்போதும் திரும்பவில்லை.

“புது இடம்” என்றான் தைச்சி.

நிஷிவாக்கி சிவப்புக் கட்டைகள் மூன்றை எடுத்து வைத்தாள். இபுகி மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்த்தியாக அடுக்கினான். நாலாவதும் கேட்டு வாங்கினான், அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து. தைச்சியின் மார்பு நிமிர்ந்தது.

“கை நல்லா வருது” என்று எழுதினாள் நிஷிவாக்கி. பிறகு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

மேல் வரிசையில் நாய், கார், ஷூ. கீழ் வரிசையில் மீன், வாழைப்பழம், குடை. இபுகியின் முகம் மலர்ந்தது. பழகிய சிநேகிதனைக் கண்ட மாதிரி.

“வவ்வவ் எது?”

விரல் நாயின் மேல் போயிற்று.

“அட! பூம்பூம் எது?”

கார்.

“ஷூ எது?”

ஷூ. தைச்சி தொடையைத் தட்டினான். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை வீறிட்டது. நிஷிவாக்கி திரும்பிப் பார்த்தாள்; யாரோ உருளும் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டார்கள். அவள் தலையைத் திருப்பியிருந்த அந்த நேரத்தில், யாரும் எதுவும் கேட்காத அந்த நேரத்தில், இபுகியின் விரல் மீனுக்கு நகர்ந்தது. பிறகு வாழைப்பழம். பிறகு குடை. பிறகு அவன் தானே கைதட்டினான்.

“பார்த்தீங்களா!” தைச்சி எழுந்தே விட்டான். “கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றான்! ஆறுக்கு ஆறு! நான் சொன்னேனா இல்லையா, இபுகி அம்மா?”

நிஷிவாக்கியின் பேனா தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அவள் இபுகியைப் பார்த்தாள். பிறகு மிச்சிருவைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று மிச்சிருவுக்குத் தெரிந்தது. தெரியாமல் எப்படிப் போகும்? சந்தேகம் வந்தால் வரிசையை மாற்றிக் கேள் என்று சொல்லிக் கொடுத்தது யார்? ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பது மூத்தவள். கற்றுக் கொடுத்தவள். அவள் முகத்துக்கு எதிரே, அதுவும் கணவனை வைத்துக்கொண்டு, ‘இன்னொரு முறை கேட்கிறேன்’ என்று ஓர் இளையவள் எப்படிச் சொல்வாள்? அந்த நிலையத்தில் யாரும் கண்டிக்காமலே கற்றுக்கொள்கிற மரியாதை அது. நல்ல மரியாதைதான். இப்போது அது ஒரு பிள்ளையை ஆழத்தில் இறக்கிக்கொண்டிருந்தது.

நிஷிவாக்கி மெல்லத் தலையாட்டினாள். “ஆறு... சரி” என்று முணுமுணுத்துப் பேனாவை இறக்கினாள்.

அவ்வளவுதான். வட்டம் போட்டுவிட்டால் முடிந்தது. அடுத்த பரிசோதனை மூன்று வயதில். வீட்டில் சிவப்புப் பயறுச் சோறு. மாமனாரின் சிரிப்பு. தைச்சி பெருமையாகத் தொழிற்சாலைக்குத் திரும்புவான். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இபுகியும் எதுவும் கேட்க மாட்டான். அவனுக்குத்தான் கேட்கத் தெரியாதே.

“கீழேயிருந்து மேலே கேளு” என்றாள் மிச்சிரு.

“அக்கா...”

“குடையிலேர்ந்து ஆரம்பி.”

“என்ன இபுகி அம்மா, அதான் ஆறும் சொல்லிட்டானே?” என்றான் தைச்சி.

நிஷிவாக்கி அட்டையை நேராக்கினாள். “இபுகி, குடை எது?”

விரல் நாயின் மேல் போயிற்று.

“வாழைப்பழம் எது?”

கார்.

“மீன் எது கண்ணா? மீன்?”

ஷூ. இபுகி உற்சாகமாக இருந்தான். அவன் தன் கணக்கில் ஒரு பிழையும் செய்யவில்லை. மீதி மூன்றையும் தானே தொட்டு, கடைசிக் குடையோடு கைதட்டி, மற்றவர்கள் ஏன் தட்டவில்லை என்பது போல ஒரு நொடி காத்திருந்தான்.

யாரும் தட்டவில்லை. தைச்சி இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தான்.

“நான்தான் பழக்கினேன்” என்றாள் மிச்சிரு. மேஜையைப் பார்த்துச் சொன்னாள். “அட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். குளிக்கிற இடத்துல ஒட்டி, தினமும் இதே வரிசையில. இவனுக்கு நாயும் தெரியாது, குடையும் தெரியாது. எப்பக் கைதட்டுவோம்னு மட்டும்தான் தெரியும்.”

நிஷிவாக்கியின் கண் கலங்கிவிட்டது. அவசரமாகச் சிரிக்க முயன்றாள். “பரவாயில்ல அக்கா, இன்னும் ஒண்ணே முக்கால் வயசுகூட ஆகல. கொஞ்சம் பொறுத்துப்...”

“அதைச் சொல்லாதே.”

“அக்கா?”

“அந்த வார்த்தையை எங்கிட்டச் சொல்லாதே. யார்கிட்டயும் சொல்லாதே. நீ என்ன பார்த்தே? அதைச் சொல்லு. எவ்வளவு நாள்ல என்ன செய்யணும்? அதைச் சொல்லு.”

நிஷிவாக்கி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதுகை நிமிர்த்தினாள். அப்போதுதான் அவள் வேலைக்கு வந்தது போலிருந்தது.

“பேர் சொன்னா திரும்பல. நான் கேட்ட வார்த்தைக்கும் அவன் விரலுக்கும் சம்பந்தமில்ல. நம்ம யார் முகத்தையும் ஒரு தடவைகூடப் பார்க்கல. கை வேலை வயசுக்கு மேலயே இருக்கு. முதல்ல காது கேட்குதான்னு பார்க்கணும், இந்த மாசமே. அப்புறம் மனநல ஆலோசகர். அப்புறம் நம்ம புதன்கிழமை வகுப்பு. எட்டு இடத்துல ஒண்ணு பாக்கியிருக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சம்மதத் தாள் வரலைன்னா வேற பிள்ளைக்குப் போயிடும். அடுத்தது ஏப்ரல்ல.” நிறுத்தினாள். “அட்டை விஷயத்தையும் நான் எழுதணும் அக்கா.”

“எழுது.”

தைச்சி குனிந்து பிள்ளையை வாரி எடுத்தான். இபுகியின் சட்டையைக்கூடப் போடாமல், தன் மேல்சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு திரையை விலக்கிப் போய்விட்டான்.

*

சம்மதத் தாளை வாங்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வரும்போது மணி மூன்றரை. ‘காப்பாளர்’ என்ற இடம் காலியாக இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாலும் செல்லும். ஆனால் ஹமாசெயில் அந்த இடத்தில் அப்பா பெயரைத்தான் எழுதுவார்கள். அப்பா பெயர் இல்லாத தாளைப் பற்றி ஊர் தன்பாட்டுக்கு ஒரு கதை எழுதிக்கொள்ளும். அதைவிடப் பெரிய பயம் அவளுக்கு இருந்தது. அவனுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துதான் இந்த நிலைமை. இன்னொன்று செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் தொழிற்சாலையின் வெள்ளை வண்டி நின்றது. பின் கதவு பாதி திறந்திருந்தது. அவள் குடையை விரிக்காமலே நடந்தாள்.

பத்தடி தூரத்தில் தைச்சியின் குரல் கேட்டது. நின்றுவிட்டாள்.

“இபுகி. அப்பா எங்க?”

பிள்ளை அவன் மடியில், அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் வழிகிற மழைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பா எங்கடா? காட்டு பார்க்கலாம். அப்பா?”

தண்ணீர் வழிந்தது. இபுகி அதோடு சேர்ந்து தலையைச் சாய்த்தான்.

“அப்பாடா. தினமும் சோறு ஊட்டறேனே, அந்த ஆளு. எங்க அவன்?”

மூன்றாவது முறைக்குப் பிறகு தைச்சி கேட்கவில்லை. மகனின் சின்ன விரலைப் பிடித்துத் தன் மார்பின் மேல் வைத்தான். “இதோ” என்றான். எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். “இதோடா. இங்க.”

மிச்சிருவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு வருடத்தில் எத்தனையோ அப்பாக்களை அவள் பார்த்திருக்கிறாள். பரிசோதனை முடிந்து அவர்கள் வண்டிக்குள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றான் தைச்சி.

“சொன்னேன். மூணு தடவை. என் கண்ணுக்கு எல்லாமே நோயாத் தெரியுதுன்னு நீதான் சொன்னே.”

“அதில்ல. வரிசையைத்தான் கத்துக்கிட்டான்னு. அது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்லலாம் போலிருந்தது. “தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.”

“நானும்தான் கைதட்டினேன். பேனாவால வட்டம் வேற போட்டேன்.” அவன் மூக்கை உறிஞ்சினான். “நீயாவது வரிசையை மாத்திக் கேக்கச் சொன்னே. நான் தனியா வந்திருந்தா, ஆறுக்கு ஆறுன்னு பிள்ளையைத் தோள்ல தூக்கிட்டுக் கடைத்தெருவெல்லாம் சுத்தியிருப்பேன்.”

அவள் தாளை அவன் முழங்கால் பக்கம் நகர்த்தினாள்.

“அந்த வகுப்புல என்ன செய்வாங்க?”

“விளையாடுவாங்க. பாடுவாங்க. எதைப் பார்த்து அவன் நம்ம பக்கம் திரும்பறான்னு கண்டுபிடிப்பாங்க. நமக்கும் சொல்லிக் கொடுப்பாங்க. வாரம் ஒரு நாள், புதன்கிழமை பத்து மணி. வீட்டாள் ஒருத்தர் கூட இருக்கணும்.”

“நீ இருப்பே.”

“முடியாது. நடத்தறதே நான்தான். அட்டை விஷயத்துக்கு நாளைக்குத் தலைவர் என்னைத் தூக்கிட்டார்னா, அப்பக் கூட இருக்கலாம்.”

தைச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற முகமும் இல்லை அது. “புதன்கிழமை பத்து மணிக்கு அடுப்புக்கிட்ட நான் இல்லைன்னா, அப்பா என்ன சொல்வார் தெரியுமா?”

“தெரியும்.”

“எட்டு அம்மாங்களுக்கு நடுவுல உக்காந்து நான் பாடணுமா?”

“ஏழு.”

அவன் பதில் சொல்வதற்குள் அவன் சட்டைப் பையில் இருந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் ‘அப்பா’ என்று இருந்தது. தைச்சியின் கையில் பிள்ளை. மிச்சிருதான் பொத்தானை அழுத்தி அவர்களுக்கு நடுவே பிடித்தாள்.

“என்னடா, ஒரு போன் கிடையாதா?” பெரியவரின் குரல் வண்டியை நிறைத்தது. பின்னால் தொழிற்சாலையின் இரைச்சல். “சோறு இறக்கியாச்சு. என் பேரன் என்ன பண்ணான்? எல்லாத்தையும் காட்டிக் கொடுத்தானா?”

தைச்சி மகனின் தலையைத் தடவினான். “காட்டிக் கொடுத்தாம்பா” என்றான். “எங்க ரெண்டு பேரையும்.”

“என்னது?”

“நாங்கதான் திருட்டுத்தனமாப் பழக்கி வெச்சிருந்தோம். அவனுக்கு ஒண்ணும் தெரியலப்பா. பேர் சொன்னாத் திரும்பல. அப்பா எங்கன்னு கேட்டா காட்டத் தெரியல. உதவி வேணும் அவனுக்கு. வகுப்பு ஒண்ணு இருக்கு, சேர்க்கணும்.”

அந்தப் பக்கம் யாரோ ஒரு தட்டைக் கீழே வைத்தார்கள். மறுபடி பெரியவரின் குரல் வந்தபோது அதில் சிரிப்பு இல்லை.

“எந்த வகுப்பு? அந்த நிலையத்துப் பின்கட்டுல நடக்குதே, அதுவா? ஊரே பார்க்கற மாதிரி நோட்சு வீட்டுப் பிள்ளை அங்க போகணுமா? தைச்சி, நான் சொல்றதைக் கேளு. மருமகளும் கேட்டுக்கிட்டிருந்தா கேட்டுக்கட்டும். எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே. நான் இப்பவே கிளம்பி அங்க வரேன்.”

மணி மூன்று ஐம்பது. தொழிற்சாலையிலிருந்து இங்கே வர பத்து நிமிடம்கூட ஆகாது.

“போட்டாச்சுப்பா” என்றான் தைச்சி.

மிச்சிரு அவனைத் திரும்பிப் பார்த்தாள். தாள் அவன் முழங்கால் மேல் வெறுமையாகக் கிடந்தது. அவன் கைபேசியை அணைத்தான். பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவள் பக்கம் நீட்டினான்.

“பேனா இருக்கா? சீக்கிரம் கொடு.”